அன்றாட அபிப்பிராயமும் தமிழ் வசனநடையும்

ஒரு மொழியின் வளத்தை அளவிட முற்படுவோர் அம்மொழியிலுள்ள காவியங்களை எண்ணுவர். இலக்கண நூல்களை எண்ணுவர். அச்சேறிய நூல்களின் பட்டியலை எடுத்துக் காட்டுவர். இவை யாவும் தக்க அளவுகோல்களே. எனினும் இவற்றோடு வைத்தெண்ண வேண்டிய பிறிதோர் அளவுகோலும் உண்டு. அம்மொழியைப் பேசும் ஒருவர் தாம் காலையில் உண்ட இடியப்பத்தைப் பற்றியும், தம் கையிலிருக்கும் கருவியைப் பற்றியும், அன்று தமக்கு வாய்த்த வசதியையும் நேர்ந்த இடைஞ்சலையும் பற்றியும் தம் மொழியிலேயே நான்கு வாக்கியம் எழுதுகின்றாரா என்பதே அது. காவியம் பாடுவோர் நூற்றாண்டுக்கு ஒரு சிலரே. கதையும் கட்டுரையும் எழுதுவோர் ஊருக்கு ஒரு சிலர். அபிப்பிராயம் சொல்லாதவரோ எவருமிலர்.

நமது காலத்தில் இந்த அன்றாட அபிப்பிராயம் எழுத்தேறிவிட்டது. சொதியில் உப்பில்லை என்று முன்னர் அடுக்களை வாசலில் முணுமுணுத்தவர் இன்று அதனைக் கைப்பேசியில் எழுதுகின்றார். புதிதாக வாங்கிய கருவியின் மின்கலம் மாலைக்கு முன் சோர்ந்துவிட்டால் அக்குறையும் எழுத்தாகின்றது. கைப்பேசி வழியாக முச்சக்கரவண்டியை வரவழைத்துப் பயணம் செய்தவர் இறங்கியதும், 'எத்தனை நட்சத்திரம் தருகின்றீர்?' என்று திரை வினவுகின்றது. பொதுமக்கள் இவ்வளவு பேர், இவ்வளவு அடிக்கடி, தம் கருத்தை எழுதுமாறு அழைக்கப்பட்ட காலம் இதற்கு முன்னர் இருந்ததில்லை. இவ்வழைப்புக்குத் தமிழர் எம்மொழியில், எவ்வெழுத்தில், எத்தனை சொற்களில் விடை பகர்கின்றனர்? மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்வினா அற்பமானதாகத் தோன்றலாம். தமிழ் வசனநடையின் எதிர்காலம் பெருமளவுக்கு இதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

திண்ணையும் பத்திரிகையும்

அபிப்பிராயம் சொல்லுதல் நமக்குப் புதிதன்று. திண்ணையிலும் சந்தையிலும் கிணற்றடியிலும் வாசிகசாலையிலும் அது நாள்தோறும் நிகழ்ந்தது. மாம்பழத்தின் சாதியையும் சந்தையில் மீன் வந்த நேரத்தையும் பற்றிய தீர்ப்புகள், நீதிமன்றத் தீர்ப்புகளிலும் உறுதியாக, காரணங்களோடு வழங்கப்பட்டன. ஆனால் அவை காற்றோடு போயின. எழுத்தில் நின்ற அபிப்பிராயம் கற்றோர் சிலருக்கே உரியதாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் 1841 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய 'உதயதாரகை' தமிழும் ஆங்கிலமும் தாங்கி வெளிவந்தது. அப்பத்திரிகையின் வாயிலாக, கருத்தை வசனத்தில் எழுதிப் பிறர் பார்வைக்கு வைப்பதும் அதற்கு மறுப்பெழுதுவதும் நம்மவர்க்குப் பழக்கமாயின. ஆறுமுக நாவலர் (1822–1879) மாணவர்க்கென எழுதிய பாலபாடங்கள், செய்யுளின் நிழலில் ஒதுங்கியிருந்த வசனத்தைப் பள்ளிக்கூடத்தின் நடுவே கொணர்ந்து நிறுத்தின. சிறுவனுக்கு விளங்க வேண்டும், சொல்ல வந்தது தெளிவாக இருக்க வேண்டும் என்னும் தேவையே அவ்வசனத்துக்கு உருவம் கொடுத்தது. தமிழ் வசனநடையின் வளர்ச்சியைக் கூர்ந்து நோக்குவார்க்கு இவ்வுண்மை புலப்படாமற் போகாது. புதியதொரு தேவை பிறக்கும்போதெல்லாம் வசனம் ஒரு படி முன்னேறியிருக்கின்றது. சமயவாதம் ஒரு தேவை. கல்வி ஒரு தேவை. செய்தி ஒரு தேவை. சிறுகதை ஒரு தேவை. அன்றாட அபிப்பிராயம் இன்று தோன்றியுள்ள தேவை. இதனைத் தமிழ் நிறைவேற்றுமாயின் அதன் வசனம் மேலும் ஒரு படி ஏறும். இதனை வேறோர் எழுத்துக்கோ வெறுங்குறிக்கோ ஒப்படைத்துவிட்டால், தமிழ் வசனம் மேடைக்கும் மலருக்கும் மாத்திரம் உரிய சடங்கு மொழியாகிவிடும்.

நட்சத்திரத்தின் கதை

அபிப்பிராயத்தை நட்சத்திரத்தால் அளக்கும் வழக்கம் எவ்வாறு வந்தது என்பதை அறிந்து கொள்வது பயனுடையது. பிரான்சு நாட்டில் மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்கு டயர் செய்து விற்ற மிச்செலின் நிறுவனத்தார் 1900 ஆம் ஆண்டில் வண்டியோட்டுவோர்க்கென ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டனர். மக்கள் தூரப் பயணம் போனால் டயர் தேயும். தேய்ந்தால் புதிது வாங்குவர் என்பது வணிகரின் கணக்கு. 1926 ஆம் ஆண்டில் நல்ல உணவுச்சாலைகளுக்கு அந்நூல் நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது. 1931 ஆம் ஆண்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் படிமுறை வந்தது. அவற்றின் பொருள் 1936 ஆம் ஆண்டில் விளக்கப்பட்டது. தன் வகையில் மிக நல்ல உணவுச்சாலைக்கு ஒன்று. வழியை விட்டு விலகிச் சென்றாயினும் உண்ணத் தக்கதற்கு இரண்டு. அதற்கென்றே ஒரு பயணம் புறப்படத் தக்கதற்கு மூன்று.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்நட்சத்திரம் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வாக்கியம் நின்றது. பயணம் செய்பவனுடைய ஐயத்துக்கு அவ்வாக்கியம் நேரான விடையாக இருந்தது. நட்சத்திரம் அவ்வாக்கியத்தின் சுருக்கெழுத்தே.

நம் கைப்பேசித் திரையில் ஒளிரும் நட்சத்திரத்துக்கு அத்தகைய வாக்கியம் இல்லை. மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாடு யாது என்று கேட்டால், கொடுத்தவரே தடுமாறுவார். இதன் பயனைக் காட்ட ஒரு சான்று போதும். யூடியூப் நிறுவனத்தார், தம் தளத்திலுள்ள படங்களுக்குப் பார்வையாளர் அளித்த நட்சத்திரங்களை ஆராய்ந்து, பெரும்பாலானவை ஐந்தாகவே இருக்கின்றன என்று 2009 ஆம் ஆண்டில் தாமே வெளியிட்டனர். பிடித்தவர் ஐந்தைக் கொடுத்தனர். ஏனையோர் பெரும்பாலும் வாளாவிருந்தனர். ஆகவே 2010 ஆம் ஆண்டில் நட்சத்திரம் நீங்கிக் கட்டைவிரல் வந்தது. நெட்பிளிக்ஸ் நிறுவனமும் 2017 ஆம் ஆண்டில் இவ்வாறே நட்சத்திரத்தைக் கைவிட்டு விரலை ஏற்றது. 2021 ஆம் ஆண்டு நவம்பரில், கீழ்நோக்கிய விரலின் எண்ணிக்கையை யூடியூப் பொதுப்பார்வையினின்றும் மறைத்துவிட்டது. வாக்கியம் நட்சத்திரமாகி, நட்சத்திரம் விரலாகி, ஈற்றில் விரலிலும் பாதி மறைந்து போயிற்று.

நிறுவனத்தார்க்கு இது போதுமானதாக இருக்கலாம். கணக்கிடுவதற்கு எண்ணே எளிது. ஆனால் மற்றொருவரின் அனுபவத்தை அறிய விழையும் மனிதனுக்கு எண் உதவுவதில்லை. உறைப்பை விரும்புபவர் ஐந்து கொடுத்த கடையில், உறைப்புத் தாங்காதவர் ஒன்று கொடுப்பார். இரண்டையும் கூட்டிச் சராசரி கண்டால் மூன்று வரும். அம்மூன்று எவருடைய நாவுக்கும் உரியதன்று.

அபிப்பிராயத்தின் மூன்று உறுப்புகள்

அபிப்பிராயம் என்று பெயர் பெறத் தக்கதற்கு மூன்று உறுப்புகள் வேண்டும். எதைப் பற்றி என்பது ஒன்று. எத்தகையது என்பது மற்றொன்று. ஏன் என்பது மூன்றாவது. 'சூப்பர்' என்ற ஒரு சொல்லில் இம்மூன்றும் இல்லை. 'அருமை' என்று தூய தமிழில் எழுதிவிட்டாலும் நிலைமை மாறிவிடாது. குறை சொல்லின் பிறப்பிடத்தில் இல்லை. காரணத்தைத் தேடாத மனத்திலேயே இருக்கின்றது.

அம்மியின் கதை இதற்கு நல்ல உதாரணமாகும். மின்சாரத்தால் இயங்கும் கிரைண்டர் நம் வீடுகளுக்கு வந்தபோது அதைப் பற்றி எழுந்த வாதம், கருவியைப் பற்றிய நமது பழைய அபிப்பிராயங்களுள் சிறப்பானது. 'அம்மியில் அரைத்த சம்பலுக்கு ஈடில்லை' என்றனர் தாய்மார். ஏன் என்று கேட்டால் அவர்களிடம் விடை இருந்தது. அலகு வெட்டுகின்றது, கல் நசுக்குகின்றது, நசுங்கிய மிளகாயும் தேங்காயும் தம் சாற்றையும் எண்ணெயையும் விட்டுக் கலக்கின்றன, வெட்டுண்டவை அவ்வாறு கலப்பதில்லை. வேகமாய்ச் சுழலும் அலகு சூடேறி மணத்தையும் மாற்றிவிடுகின்றது. இதுவன்றோ விமரிசனம்! பொருள் இருக்கின்றது; அதன் இயல்பு இருக்கின்றது; காரணம் இருக்கின்றது. எதிர்க்கட்சியினரும் சளைத்தவரல்லர். 'அரைமணி நேரம் அம்மியோடு மல்லுக்கட்டிய கைக்குத் தெரியும் கிரைண்டரின் அருமை' என்றனர் இளையோர். அதுவும் காரணத்தோடு கூடிய அபிப்பிராயமே. இவ்வாதம் முழுவதும் தமிழில் நடந்தது. இதற்கு வேண்டிய சொற்கள் யாவும் தமிழில் இருந்தன.

சுவையைச் சொல்லத் தமிழுக்குச் சொற்பஞ்சம் இல்லை. அறுசுவையென்று வகுத்ததோடு நம்மவர் நின்றுவிடவில்லை. உறைப்பு, கைப்பு, கயர்ப்பு, சவர் என்பன யாழ்ப்பாணத்து வழக்கில் ஒவ்வொன்றும் தனித்தனி அனுபவத்தைக் குறிப்பன. ஒடியல் மாவை நீரில் ஊறவைத்துக் கைப்பகற்றிய பின்னரே கூழுக்கு இடுவர். அகற்றிய பின்னும் எஞ்சும் மெல்லிய கைப்பே கூழின் உயிர் என்று சொல்பவரும் உளர். அது சிறிதும் கூடாது என்பவரும் உளர். நீற்றுப்பெட்டியில் அவித்த பிட்டு உதிர்ந்து பொலுபொலுவென்று இருக்க வேண்டும். இடியப்பம் ஒன்றோடொன்று ஒட்டாமலும் வரண்டு போகாமலும் இருக்க வேண்டும். அப்பத்தின் கரை முறுகி நடு மென்மையாக இருக்க வேண்டும். இவ்வளவு நுட்பமான அளவுகோல்களை உடைய ஒரு சமுதாயம், எழுதும்போது மாத்திரம் ஒரு விரலை உயர்த்திக் காட்டி அமைதியுறுமாயின், அது பெரியதோர் இழப்பே.

கைப்பேசியையும் செயலியையும் பற்றி எழுதுதலும் இதற்கு மாறானதன்று. 'இச்செயலி மோசம்' என்பதில் எவருக்கும் பயனில்லை. 'பணம் அனுப்பும் பகுதியில் தமிழைத் தெரிவு செய்தாலும், பிழை நேரும்போது தோன்றும் அறிவித்தல் ஆங்கிலத்திலேயே வருகின்றது, வயது முதிர்ந்தோர் அதனை விளங்கிக்கொள்ள முடியாது' என்று ஒருவர் எழுதினால், அதனைச் செய்தவர் திருத்தலாம், பயன்படுத்துபவர் எச்சரிக்கையடையலாம். அவ்வாக்கியத்தை அமைத்தவரும் தமிழ் வசனத்தில் ஒரு பயிற்சி பெற்றவராவார்.

உரோம எழுத்திலே தமிழ்

தமிழில் எழுதுகின்றோம் என்போருள்ளும் பலர் தமிழ்ச் சொற்களை ஆங்கில நெடுங்கணக்கில் எழுதுகின்றனர். இதனால் நேரும் இடர் யாவரும் அறிந்ததே. குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு போய்விடுகின்றது. லகர ளகர ழகரங்கள் ஒன்றாகின்றன. நகர னகர ணகரங்களும் ஒன்றாகின்றன. கலை, களை, காலை, காளை ஆகிய நான்கும் ஒரே கோலத்தில் வந்து நிற்கும். ஒருவர் ஓர் உணவுச்சாலையைக் குறித்து உரோம எழுத்தில், 'மணம் சரியில்லை' என்று எழுதினால், படிப்பவர் திகைக்க வேண்டியதே. குழம்பின் மணம் சரியில்லையா, பரிமாறியவரின் மனம் சரியில்லையா, கடையின் மானமே போயிற்றா என்பது எழுதியவர்க்கே வெளிச்சம்.

இது முதன்முறையாக நேர்ந்த நிலையன்று என்பதை வரலாறு காட்டுகின்றது. 1554 ஆம் ஆண்டில் போத்துக்கலின் தலைநகராகிய லிஸ்பனில் தமிழ் மொழியில் ஒரு சமய நூல் அச்சிடப்பட்டது. அதிலிருந்த தமிழ், உரோம எழுத்துகளில் அமைந்திருந்தது. அன்று தமிழ் அச்செழுத்து இல்லாமையே அதற்குக் காரணம். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1578 ஆம் ஆண்டில், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. எழுத்து வார்க்கப்பட்டதும் உரோம எழுத்தின் தேவை தீர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டினர் கால் நூற்றாண்டுக்குள் கடந்து சென்ற ஒரு படியில் நாம் இன்னும் நின்று கொண்டிருப்பதற்குக் காரணம் யாது?

கருவி தடையாக இருந்த காலம்

கருவியின்மீது பழி சொல்வதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. தமிழெழுத்து இருநூற்று நாற்பத்தேழு என்பர். இவற்றைத் தட்டச்சுப் பொறியின் சில விசைகளுக்குள் அடக்குதல் எளிதன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 ஆம் ஆண்டில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கி அத்தடையை வென்றார். ஈழத்தவர் ஒருவர் தமிழெழுத்துக்குச் செய்த அப்பணியை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

கைப்பேசி வந்தபோது தடை வேறு உருவில் வந்தது. குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு ஆங்கில எழுத்தாயின் 160. தமிழ் போன்ற மொழிகளில் பொதுவாக அது 70 ஆகச் சுருங்கியது. ஆங்கில எழுத்துக்கு ஏழு துணுக்கு இடம் போதும்; தமிழுக்குப் பதினாறு துணுக்கு இடம் தேவைப்பட்டது. அதன் மேலும், கணினிக் குறிமுறையில் உயிர்மெய் பெரும்பாலும் ஒரு குறியாக நில்லாது, மெய்வரிவமும் உயிர்க்குறியும் என இரண்டாகப் பிரிந்து நிற்கும். 'யாழ்ப்பாணம்' என்னும் சொல்லில் எழுத்து ஆறு, குறியோ பதினொன்று. எழுபதில் பதினொன்றை ஊர்ப்பெயரே எடுத்துக்கொண்டால் எஞ்சிய இடத்தில் எதைச் சொல்வது? காசைக் கணக்குப் பார்த்துச் செய்தி அனுப்பிய இளைஞர் உரோம எழுத்தை நாடியதில் வியப்பில்லை.

அக்காலம் கடந்துவிட்டது. உலக மொழிகள் யாவற்றுக்கும் பொதுவாகிய ஒருங்குறி 1991 ஆம் ஆண்டில் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. மலேசியத் தமிழராகிய முத்து நெடுமாறன் அவர்கள் உருவாக்கிய 'செல்லினம்' 2005 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அறிமுகமாகி, கைப்பேசியிலிருந்து தமிழிலேயே செய்தி அனுப்ப வழி செய்தது. 2010 ஆம் ஆண்டில் '.இலங்கை' என்று தமிழெழுத்திலேயே இணைய முகவரி முடிவதற்கும் இடம் கிடைத்தது. 2013 ஆம் ஆண்டில் ஐபோன் தன் இயங்குதளத்திலேயே தமிழ் விசைப்பலகையைக் கொண்டு வந்தது. 2017 ஆம் ஆண்டில் கூகிள், வாயாற் சொல்லச் சொல்ல எழுத்தாக்கும் வசதியைத் தமிழுக்கும் விரித்தபோது, இலங்கைத் தமிழைத் தனியே பெயர் குறித்துச் சேர்த்தது. பேசத் தெரிந்தவர் எவரும் தமிழில் எழுதலாம் என்னும் நிலை இன்று வந்திருக்கின்றது. ஆதலால் இனிக் கருவியைக் குறை கூறுதல் பொருந்தாது.

எஞ்சியிருப்பவை இரண்டு தடைகள். ஒன்று பழக்கம். மற்றையது அச்சம்.

எந்தத் தமிழில் எழுதுவது?

பழக்கம் பழக்கத்தால் மாறும். அச்சமே கவனத்துக்குரியது. 'ல'வா 'ள'வா என்று தெரியாத இளைஞன் தமிழில் எழுதக் கூசுகின்றான். ஆங்கிலத்தில் பிழை செய்தால் எவரும் பொருட்படுத்துவதில்லை. தமிழில் பிழை செய்தால், சொன்ன கருத்தை விட்டுப் பிழையைப் பிடித்துக்கொள்ளப் பலர் காத்திருக்கின்றனர். வல்லினம் மிகவில்லை என்று சுட்டப்பட்ட மாணவன் அடுத்த முறை உரோம எழுத்துக்கே திரும்புவான். அங்கே மிகுவதற்கு வல்லினமே இல்லை!

பேச்சுமொழியை எழுத்திற் கொணரலாமா என்பது நமக்குப் பழைய வழக்கு. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில், சிறுகதைகளில் வந்த பேச்சு வழக்கை 'இழிசனர் வழக்கு' என்று ஒரு சாரார் பழித்தனர். மக்களைப் பற்றி எழுதும்போது மக்களின் மொழி வராமல் எவ்வாறு என்று முற்போக்கு எழுத்தாளர் எதிர்த்துரைத்தனர். அவ்வழக்கின் தீர்ப்பை நம் சிறுகதைகளே எழுதிவிட்டன. அன்று எழுந்த வினா இன்று வேறோர் உருவில் நம் முன் நிற்கின்றது. அபிப்பிராயம் எழுதுபவர் கதாசிரியரல்லர். தம் குரலிலேயே பேசுகின்றார். அவர் 'உறைப்புக் காணாது' என்று எழுதினால் அதில் ஒரு குற்றமும் இல்லை. 'காரம் போதியதாக இல்லை' என்று அதனைத் திருத்தினால், ஒரு யாழ்ப்பாணத்து நாவை நாம் பறித்தவராவோம்.

பிறமொழிச் சொல் வந்து புகுமே என்று அஞ்சுவோர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் உண்ணும் பாண், இருக்கும் கதிரை, உண்ணும்போது முன்னிருக்கும் மேசை, உடுப்பு வைக்கும் அலுமாரி, காலிற் போடும் சப்பாத்து ஆகிய யாவும் போத்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. 'தே' என்னும் அயற்சொல்லோடு தண்ணீரைச் சேர்த்துத் தேத்தண்ணீர் ஆக்கிக் கொண்டோம். இவற்றை ஏற்றுக்கொள்ளுமாறு எந்தக் கலைச்சொற் குழுவும் விதிக்கவில்லை. வீட்டுப் புழக்கமே விதித்தது. ஆக்கிய சொற்களும் அவ்வாறே நிலைத்தன. வானொலியும் தொலைபேசியும் அகராதியில் இருந்தமையாலன்றி, பத்திரிகையிலும் வீட்டிலும் புழங்கியமையாலேயே வாழ்ந்தன. இன்று செயலி என்பதா, ஆப் என்பதா என்று வாதிடுகின்றோம். பத்தாயிரம் பேர் தம் அன்றாட வாக்கியத்தில் எதை இடுகின்றனரோ அதுவே நிற்கும். வாக்கியமே எழுதப்படவில்லையாயின் இரண்டும் நில்லா.

யாருக்காக எழுதுகின்றோம்?

ஆங்கிலத்தில் எழுதினால் உலகத்தார் யாவரும் படிப்பரே என்பது ஒரு தடைவினா. வெளிநாட்டுப் பயணியை நோக்கி எழுதுவதாயின் அது முறையே. ஆனால் அபிப்பிராயம் முதலிற் போய்ச் சேர வேண்டியவர் யார்? வீட்டிலேயே இடியப்பம் அவித்து விற்கும் ஒரு பெண்ணைப் பற்றி ஒருவர் ஆங்கிலத்தில், மா சரியாக வறுபடவில்லை என்று எழுதினால், உலகம் அறியும், அவர் அறியார். தம் நட்சத்திரம் குறைந்ததையும் வாடிக்கையாளர் அருகியதையும் மாத்திரமே காண்பார், காரணம் தெரியாது. தமிழில் எழுதப்பட்டிருப்பின் மறுநாளே மாவை இன்னும் சற்று வறுத்திருப்பார். ஒருவருடைய பிழைப்பைத் தொடும் தீர்ப்பை அவருக்கு விளங்காத மொழியில் எழுதுதல் நீதியாகாது. சாட்டப்பட்டவர் குற்றச்சாட்டை அறியும் உரிமை நீதிமன்றத்துக்கு மாத்திரம் உரியதன்று.

தாய்மொழியில் எழுதும்போது பொறுப்பும் கூடுகின்றது. முகம் தெரியாதவரை வேற்று மொழியில் இகழ்வது எளிது. சந்தையில் நேரே கண்டால் சொல்லக் கூசுவதைத் தமிழில் எழுதுவதற்கும் கை கூசும். அக்கூச்சம் வேண்டப்படுவதே.

அன்றாடப் பேச்சு வீண்பேச்சென்று கருதுவோர், தமிழர் இணையத்தில் ஒன்றுகூடிச் செய்தவற்றை நோக்குதல் தகும். எழுத்துருவையும் விசைப்பலகையையும் பற்றி ஆளுக்கோர் அபிப்பிராயம் கூறிச் சலியாது வாதிட்டவர்கள் வாழ்ந்த காலத்திலேயே, 1998 ஆம் ஆண்டில், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் தொடங்கியது. 2003 ஆம் ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியபோது அதனை முன்னின்று வளர்த்தவருள் தலையாயவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் அவர்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அழியாது பேணும் நூலகம் திட்டம் 2005 ஆம் ஆண்டில் பிறந்தது. நூலகம் எரிந்த துயரை 1981 இல் கண்ட ஒரு சமுதாயத்துக்கு இப்பணியின் பெறுமதியை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சம்பளம் பெறாத மனிதர் பலர், தூர தேசங்களிலிருந்து தமிழில் எழுதிப் பழகி, ஒருவரையொருவர் அறிந்து, கருத்து மாறுபட்டு, பின் இணங்கிச் செய்தவை இவை. இத்தகைய பெரும்பணிக்கு வேண்டிய கைகள் சிறுசிறு வாக்கியங்களிலேயே முதலிற் பயில்கின்றன.

ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம்

'ஒரு பழைய குடையின் சுயசரிதை' என்று மாணவரை எழுதச் சொல்வது நம் பள்ளிக்கூட மரபு. மாணவனும் குடையாக மாறிக் கண்ணீர் வடிப்பான். அம்மரபைக் கைவிடச் சொல்லவில்லை. அதனோடு, 'உன் வீட்டுக் குடை எப்படிப்பட்டது? கம்பி உறுதியானதா? காற்றுக்கு நிற்குமா? ஏன் நிற்கவில்லை?' என்றும் கேளுங்கள். பத்து வாக்கியம் போதும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் வடையைப் பற்றியும், தமையன் வாங்கிய கைப்பேசியைப் பற்றியும், பாடம் கற்பிக்கும் செயலியைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். 'நல்லது', 'கூடாது', 'அருமை', 'சூப்பர்' என்னும் நான்கு சொற்களையும் விலக்கி வைக்குமாறு மாத்திரம் நிபந்தனை விதியுங்கள். மாணவன் காரணத்தைத் தேடுவான். காரணத்தைச் சொல்லச் சொல்லைத் தேடுவான். அச்சொல் தன் பாட்டியின் வாயில் இருப்பதைக் காண்பான். எழுத்துப் பிழையைப் பின்னர் திருத்தலாம். முதலில் அவன் எழுதட்டும்.

இலக்கிய வட்டத்தாருக்கும் இதில் ஒரு கடமையுண்டு. நாவலையும் கவிதையையும் விமரிசிக்கும் நாம், விமரிசனம் என்பது நூலுக்கு மாத்திரம் உரியதென்று எண்ணிவிடலாகாது. பிட்டையும் பாணையும் காரணங்காட்டி மதிப்பிடப் பழகாத சமுதாயத்தில், நூலைக் காரணங்காட்டி மதிப்பிடும் விமரிசகன் திடீரெனத் தோன்றிவிட மாட்டான். இன்று கைப்பேசியில் ஓர் அபிப்பிராயம் எழுத நேர்ந்தால், விரலை உயர்த்துவதற்கு முன் ஒரு தமிழ் வாக்கியத்தை எழுதுவோமாக. அதில் 'ஏன்' என்பதற்கு விடையும் இருக்கட்டும்.